நார்மா ஜனவரியில் வெட்டிய மரம்

ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த தோட்டத்தை நார்மா ஹெப்வொர்த் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொட்டையடித்துவிட்டாள். அது ஜனவரி மாதம். பக்கத்துத் தோட்டத் துண்டுக்காரியான நான் அன்றைக்கு ஜலதோஷத்தோடு வீட்டில் கிடந்தேன். இல்லாவிட்டால் ஓடிப்போய் அவள் கையிலிருந்த ரம்பத்தைப் பிடுங்கியிருப்பேன். அந்த ஜலதோஷத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

நார்மா முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள். குடியிருப்பது மூன்றாவது மாடியில். அங்கே ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட இடம் கிடையாது. வைத்த ஒன்றிரண்டும் காய்ந்துபோயின. "உன் கை பட்டா பிளாஸ்டிக் பூவே வாடிடும்" என்று கணவர் ராய் கிண்டல் செய்வாராம். மனிதர் போய் நான்கு வருடம் ஆகிறது. அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

தோட்டம் போட நகராட்சி குத்தகைக்கு விடும் நிலத்துண்டுகள் முப்பத்திரண்டில் பதினேழாம் எண் அவளுக்கு வந்தது. அதற்கு முன் அதை வைத்திருந்த எர்னி வாட்மஃப் அங்கேயே நாற்பது வருடம் பாடுபட்டு, ஒரு செடியில்கூட பெயர்ச்சீட்டு கட்டாமல் செத்துப்போனார். ஏழு புதர், இரண்டு மரம். எது என்னவென்று அவருக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்திருப்பார். இந்த ஆண்களே இப்படித்தான்.

ஜனவரியில் இலை உதிர்ந்து எல்லாமே குச்சி. நார்மா நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். மொட்டைக் கசக்கி மோந்தால் பூனை மூத்திர வாடை அடித்தது, அது கறுப்புப் பழம் காய்க்கும் பிளாக்கரண்ட். வாடை இல்லாதது சிவப்புப் பழம் காய்க்கும் ரெட்கரண்ட். முள்ளால் கையைக் கிழித்தது கூஸ்பெர்ரிப் புதர். அதுவரை எல்லாம் சரிதான். பிளாக்கரண்டில் பழைய கிளையைத்தான் எடுக்க வேண்டும், ரெட்கரண்டில் அதைத் தொடக்கூடாது என்பதைக்கூடச் சரியாகச் செய்திருந்தாள். கடைசியில் இரண்டு மரங்களும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் நின்றன. இரண்டும் ஆப்பிள்தான் என்று முடிவு கட்டினாள். ஆப்பிளைக் குளிர்காலத்தில் வெட்டலாம் என்று புத்தகம் சொன்னது. வெட்டினாள்.

ஏப்ரலில் ஒன்று வெள்ளை வெளேரென்று பூத்தது. அது பிளம்.

எங்கள் தோட்டத்தில் சமைக்கத் தெரியாதவர்கள் இருக்கலாம், பிளம் மரத்தைக் குளிரில் வெட்டக்கூடாது என்பது தெரியாதவர்கள் இல்லை. வெட்டுக்காயம் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். இலை வெள்ளியாக வெளிறும். மரம் கிளை கிளையாகச் சாகும், பக்கத்து மரங்களுக்கும் பரவும். நோய் உறுதியானால் வேரோடு தோண்டி எரித்துவிட வேண்டும் என்பது தோட்டக்காரர் சங்கத்தின் விதி.

ஜூலை முதல் வாரம் இலைகள் வெளிறின.

முதலில் பார்த்தவன் கிளிஃப் பின்ஸ். அவளுக்கு அந்தப் பக்கத்துத் துண்டு அவனுடையது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனிடம் ஒன்பது பிளம் மரங்கள் இருக்கின்றன. தன் பிள்ளைகளின் பிறந்தநாள் அவனுக்கு நினைவிருக்காது, ஒவ்வொரு மரமும் எந்தத் தேதியில் பூத்தது என்று சொல்லுவான்.

"நார்மா, உன் மரத்தைப் பாத்தியா? அலுமினியத் தாள் சுத்துன மாதிரி நிக்குது."

"வெயில்ல மின்னுது கிளிஃப்."

"வெயிலா? இந்த ஊர்லயா?" என்றான் கிளிஃப். "ஜனவரில பிளம்ம வெட்டுன ஒரே ஆள் நீதான் கண்ணு. உன் மரம் போனா போவுது. என் ஒம்போதும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவன் போனபிறகு அவள் என்னிடம் வந்து, "ராய் சொன்னது சரிதான். நாப்பது வருஷம் நல்லா இருந்த மரம். ஆறே மாசத்துல கொன்னுட்டேன்" என்றாள்.

சோதிக்க வழி இருக்கிறது, அதை அவளுக்குச் சொன்னேன். கட்டைவிரல் பருமனைவிடக் கொஞ்சம் தடித்த கிளையை வெட்டி, வெட்டுமுகத்தை ஈரமாக்கிப் பார்க்க வேண்டும். பழுப்பாகக் கறை தெரிந்தால் நோய். சுத்தமாக இருந்தால் மரத்துக்கு வேறு ஏதோ குறை, அவ்வளவுதான். கோடையில் வெட்டுவதால் ஆபத்தும் இல்லை. ஐந்து நிமிட வேலை. ஐந்து நாளாகியும் நார்மா செய்யவில்லை. வெட்டாதவரை மரம் உயிரோடு இருக்கிறது என்பது அவள் கணக்கு. வாய் கிழியப் பேசிய கிளிஃபும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவனுக்கும் பயம்தான்.

சனிக்கிழமை சங்கச் செயலாளர் பார்வையிட வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மரத்தடியில் கூடினோம்.

"நீயே வெட்டு கிளிஃப்" என்று நார்மா ரம்பத்தை நீட்டினாள்.

"ஐயோ, நான் மாட்டேம்மா. கையப் பாரு, எப்படி ஆடுது."

"இந்தக் கையாலதான் இருவது வருஷம் பஸ் ஓட்டுனியா?"

"பஸ்ஸுக்கு நோய் வராது. வெட்டு, வெட்டு."

அவளே வெட்டினாள். கிளை விழுந்தது. ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்ததை எடுத்து வெட்டுமுகத்தில் ஊற்றினாள். நாங்கள் குனிந்து பார்த்தோம்.

பழுப்பு. ஓரம்வரை பழுப்பு.

கிளிஃப் கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுது" என்றான். நார்மா மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் அழுதாள். என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல் அவளைப் பார்த்தேன். அவளுடைய இன்னொரு கையில் பிளாஸ்க் மூடி இருந்தது. அதில் ஆவி பறந்தது.

"நார்மா, அதுமேல எத ஊத்துன?"

"ஈரம் பண்ணணும்னு நீதானே சொன்ன?"

"எத ஊத்துன?"

"டீ" என்றாள்.

கிளிஃப் எழுந்த வேகத்தில் வாளி உருண்டது. "அடிப்பாவி! பாலு போட்ட டீயா?"

"ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு."

கீழே கிடந்த ரம்பத்தை அவனே எடுத்தான். கை ஆடவே இல்லை. அதே கிளையில் விரல் நீளம் தள்ளி இன்னொரு வெட்டுப் போட்டான். நான் பீப்பாயிலிருந்து மழைத்தண்ணீர் மொண்டு ஊற்றினேன். பாலாடை நிறத்தில் கட்டை பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி கறை இல்லை. நம்பாமல் இன்னும் இரண்டு இடத்தில் வெட்டிப் பார்த்தோம். சுத்தம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கிளிஃப் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், பாதிக்குமேல் அழுகைதான் என்று நினைக்கிறேன். நார்மா மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

மரத்துக்கு வந்தது தாகம். வசந்தம் முழுக்கச் சரியான மழை இல்லை, அடியில் முழங்கால் உயரப் புல் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சியிருந்தது. அன்று மாலையே மூன்று பேரும் புல்லைப் பிடுங்கினோம். கிளிஃப் தன் பீப்பாயிலிருந்து எட்டு வாளி சுமந்து வந்து ஊற்றினான். மறுநாள் வந்த செயலாளர் வெட்டுமுகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீ வாசனை வருதே" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்டில் காய்கள் பருத்தன. சிவக்கட்டும் என்று நார்மா காத்துக்கொண்டே இருந்தாள். "அது சிவக்காது கண்ணு, அந்த ஜாதி பச்சையாவேதான் பழுக்கும். குளவி தின்னு தீக்குறதுக்குள்ள பறி" என்று கிளிஃப் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினான். அன்றைக்கு ஒரு கூடை பறித்தாள். 'பிளம். கோடையில் மட்டும் வெட்டவும். பழம் பச்சை' என்று எழுதி மரத்தில் ஒரு சீட்டும் கட்டினாள்.

மறுநாள் தோட்டத்துக்கு வந்தவளின் முகத்தில் ஒரு குறும்பு.

"ராய் ஃபோட்டோ முன்னால ஒரு கிண்ணம் வெச்சேன்" என்றாள். "பிளாஸ்டிக் இல்ல, கடிச்சுப் பாருன்னு சொன்னேன்."