டீசல் இன்ஜின் போட்ட சீமைக் கார்

1. மலைத் தோட்டத்து முதலாளி ஒருவரிடமிருந்து அப்பா ஒரு பழைய சீமைக் காரை வாங்கினார். லாரி மெக்கானிக்கான அவர், ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்து அதை ஓட வைத்தார்.
2. கூட்டுக் குடும்பத்தில் எந்த வண்டியையும் மூத்தவர் பெயரில் பதிவதுதான் வழக்கம். இதுவும் பெரியப்பா பெயரில் பதிவானது.
3. மகள் கல்யாண ஊர்வலத்துக்கென்று பெரியப்பா காரை எடுத்துப் போனார். திருப்பித் தரவில்லை.
4. அப்பா கேட்கப் போனார்.
5. நான் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்து, ஏலத்துக்கு வரும் பழைய கார்களை மதிப்பிடும் வேலையில் சேர்ந்தேன்.
6. சென்ற தை மாதம் அந்தக் கார் என் முன்னால் வந்து நின்றது.

நான்காவதை மட்டும் ஒரு வரியில் விட முடியவில்லை. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் பெரியப்பாவின் ரிக் லாரிகள் நிற்கும் ஷெட். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். கட்டிலில் சாய்ந்தபடியே பெரியப்பா சொன்னார்: "நட்டு முடுக்கற கைக்குச் சீமைக் காரு கேக்குதாடா? ஆர்.சி. பொஸ்தகத்துல யாரு பேருன்னு போய்ப் பாரு." டிரைவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிக்க முயன்றார். டிரைவர்களை நான் மறந்துவிட்டேன். அப்பாவின் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. அதற்காகவே படித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

சேலத்தில் கார்களைப் பார்வையிட்ட அன்று, பெரியப்பாவே அதை ஓட்டி வந்தார். உறவுக்காரர் என்று மேலாளரிடம் சொன்னேன். இன்னொரு மதிப்பீட்டாளரும் உடன் பார்ப்பதென்று முடிவானது. "அட, நம்ம தம்பி புள்ளயா! ஊட்டுக் காருதானே சாமி, நல்ல வெலயாப் பாத்துப் போட்டுடு" என்றார் பெரியப்பா.

"நம்ம ஊட்டுக் காருன்னு இன்னைக்குத்தானுங்க சொல்றீங்க, பெரியப்பா."

முன்மூடியைத் திறந்தேன். உள்ளே லாரி டீசல் இன்ஜின் ஒன்று உட்கார்ந்திருந்தது. பெரியப்பா மார்பை நிமிர்த்தினார். "பெட்ரோலு குடிச்சே ஆளக் கொன்னுபோடும் சாமி. பழச எடைக்குப் போட்டுட்டு இத மாட்டுனேன். எப்புடி?"

எங்கள் பக்கத்தில் அது கெட்டிக்காரத்தனம். ஏலத்தில் அது கொலை. தொழிற்சாலையில் பூட்டிய அதே இன்ஜின், எண் மாறாமல் இருந்தால்தான் சேகரிப்பவர்கள் கை தூக்குவார்கள். ஒரு பொய்கூட எழுத வேண்டியிருக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். இன்னொருவரும் அதையே எழுதினார். பெரியப்பாவின் முகம் வெளுத்ததை நின்று, நிதானமாகப் பார்த்தேன். கார் ஏலத்தில் சேர்க்கப்படவில்லை.

அவர் எடைக்குப் போட்ட இன்ஜினை அந்தக் காலத்திலேயே பழைய இரும்புக் கடையிலிருந்து அப்பா வாங்கி வந்திருந்தார். கடைக்காரர் வழியாக அது தெரிந்ததும், சென்ற வாரம் பெரியப்பா எங்கள் நாமக்கல் வீட்டுக்கு வந்தார். கட்டில் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, அத நீ வெச்சிருக்கறயாமா? ரிக்கு ரெண்டும் பேங்க்காரன் கைக்குப் போகுதுடா. காரு வித்தாத்தான் தலை தப்பும்."

அப்பா எழுந்துவிட்டார். "எடுத்துட்டுப் போங்கண்ணா."

இன்ஜின் இருந்த பின்கட்டின் கதவை நான் மறித்து நின்றேன். "இல்லீங்க. குடுக்கறதுக்கில்லீங்க."

"அவுரு என்ற கூடப் பொறந்த அண்ணன், சாமி," என்றார் அப்பா.

நான் நகரவில்லை.

இன்ஜின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பெரியப்பாவின் ரிக்குகள் போய்விட்டன. அப்பா என்னோடு பேசுவதில்லை.