பர்விஸின் இரண்டு கைகள்

கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருக்கும். கிடியன் பர்விஸ் தெருவைக் கடப்பது அப்படித்தான். எதிரே வருகிறவர் தொப்பியைத் தொட்டால், இவர் தலையை ஒரு முறை ஆட்டுவார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் மூக்கைச் சுளித்தே துரத்துவார். மழை வந்தால் நனைவார். குடை பிடிக்கக் கை வேண்டுமே. சாப்பாட்டு மேஜையை விட்டால், தன் பட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும்தான் கைகள் வெளியே வரும், திமிறுகிற குதிரையை ஒரே இழுப்பில் நிறுத்தும். வேலியோரம் இரண்டு பேர் வந்து நின்று பேச ஆரம்பித்தால் போதும், மறுபடியும் பைக்குள் போய்விடும்.

ஊரில் அலைகிற மாடு குதிரைகளைப் பிடித்து அடைக்கிற பட்டிக்குக் காவலர் அவர். ஐம்பத்தொரு வயது, ஒற்றை நாடி உடம்பு. மீசையின் இரண்டு பக்கத்தையும் நூல் பிடித்து வெட்டுவார் என்று கேலி உண்டு. நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன், கேலி இல்லை, நிஜம்தான்.

1866இல் தலைநகர் வெலிங்டனில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் கோடு கிழித்து, மேல் வைரோங்கோ என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதியை உண்டாக்கினார். அவர் எங்கள் ஆற்றைப் பார்த்ததில்லை. அவருடைய வரைபடத்தில் ஆறு மலைக்கு அந்தப் பக்கம் ஓடியது. நூற்றுச் சொச்சம் ஓட்டு. பாதி தங்கம் தோண்டுகிறவர்கள்; மீதி ஆட்டுப் பண்ணைக்காரர்களும் அவர்களை அண்டிப் பிழைக்கிற கடைக்காரர்களும். நடுநிலையான ஒருவரைத் தேர்தல் அதிகாரியாகப் போட வேண்டும் என்று தேடியபோது பர்விஸ்தான் அகப்பட்டார். இரண்டு பக்கத்து மாடுகளையும் வஞ்சனையில்லாமல் பிடித்து அடைத்ததால், இரண்டு பக்கமும் அவரைச் சரிசமமாகத் திட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரிக்கு ஓட்டுக் கிடையாது. இரண்டு வேட்பாளர்களும் சமமாக நின்றால் மட்டும் அவர் ஒரு ஓட்டுப் போட்டு முடிவு சொல்லலாம். பர்விஸ் இந்தச் சட்டத்தைப் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் தேர்தலில் வேட்பாளர் பெயர்களை வாசித்துவிட்டு, வழக்கப்படி கூட்டத்தைக் கை தூக்கச் சொன்னார். சொன்ன கையோடு காது அரித்தது, சொறிந்துவிட்டார். "அதிகாரியே கை தூக்கிட்டாருடோய்" என்று ஒரு மாட்டுக்காரன் கத்தினான். அடிதடியில் மூன்று தொப்பியும் ஒரு பல்லும் போயின. அன்று பைக்குள் போன கைகள்தான். கூட்டத்தில் உற்சாகம் மிஞ்சி எவனாவது இரண்டு கையையும் தூக்கினால், எண்ணுவதை நிறுத்திவிட்டு, மோவாயால் அவனைக் காட்டி, "ஒரு ஆளுக்கு ஒரு கைதான். அதை இறக்கு" என்பார். இறக்கும்வரை ஊரே காத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் விடுதிகள் இரண்டு, தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 'பச்சைக் கதவு' தங்கக்காரர்களுடையது. கடலுக்கு எண்பது மைல் தள்ளி இருந்துகொண்டு 'கலங்கரை' என்று பெயர் வைத்துக்கொண்டது பண்ணைக்காரர்களுடையது. பர்விஸ் திங்கள், புதன், வெள்ளி பச்சைக் கதவில் சாப்பிடுவார். செவ்வாய், வியாழன், சனி கலங்கரையில். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உருளைக்கிழங்கு அவித்துத் தின்பார். கலங்கரையில் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். பச்சைக் கதவில் ஒரு மணி நேரம் ஆகும். அங்கே ஆட்டுக்கறி நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். அதைப் பரிமாறுகிற நோரா டெம்ப்சி இன்னொரு காரணம்.

நோரா கணவனை இழந்தவர், விடுதியின் சொந்தக்காரி. குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனைக் காதைப் பிடித்து வெளியே விடுவார், மறுநாள் அவனுக்கே கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார். பர்விஸுக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. இரண்டு பேருக்கும் மனசு இருந்தது. ஊருக்கும் தெரியும், ஊரில் உள்ள மாடுகளுக்கும் தெரியும். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. வாரப் பத்திரிகை நடத்துகிறவன் என்ற உரிமையில் ஒருநாள் நானே வாய்விட்டுக் கேட்டேன். பர்விஸ் சொன்ன பதில் இது: "தொகுதி ஒண்ணு என் பொறுப்புல இருக்கிற வரைக்கும் எனக்குன்னு ஒரு பக்கம் கிடையாது தம்பி. அது முடியட்டும்." ஒரு பெண்ணுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தொகுதி சாகக் காத்திருந்தவரை அப்போதுதான் பார்த்தேன்.

தொகுதியோ சாவேனா என்றது. முதலில் ஜெயித்தவர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாமவர் ஒரு முறை வந்தார், எங்கள் வாய்க்காலில் விழுந்தார், ராஜினாமா செய்தார். போன ஜூனில் மூன்றாவது தேர்தல். தங்கக்காரர்களுக்கு ஃபாய், பண்ணைக்காரர்களுக்கு ராட்ஃபர்ட். கை தூக்கியது போதாது என்று ஒரு பக்கம் கேட்டால், அப்போதெல்லாம் வாய்விட்டுப் பெயர் சொல்லித்தான் ஓட்டு. ஒவ்வொரு ஓட்டும் விழ விழ ஊரே கூட்டிக்கொண்டே வந்தது. நான்கு மணிக்குப் பதிவேட்டை மூடியபோது ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு.

பர்விஸ் நாற்பது நிமிடம் பேசாமல் நின்றார். பச்சைக் கதவிலிருந்து ஒரு கோப்பைத் தேநீர் வந்தது, கலங்கரையிலிருந்து ஒரு கோப்பை வந்தது. இரண்டும் ஆறிப்போயின. கடைசியில் கூரையைப் பார்த்தபடி, "ராட்ஃபர்ட்" என்றார். கலங்கரையில் மேஜைகள் உடைந்தன, மகிழ்ச்சியில்தான். பச்சைக் கதவிலிருந்து ஜன்னலோர நாற்காலி நடுத்தெருவுக்கு வந்தது.

அவர் மனசு ஃபாய் பக்கம் என்பதும் ஊருக்குத் தெரிந்ததே. அப்புறம் ஏன் என்று கேட்டேன். ஃபாய்க்குப் போட்டிருந்தால் டெம்ப்சி அம்மாவின் ஆட்டுக்கறிக்குப் போட்டதாகச் சொல்லியிருப்பார்களே என்றார். இதை நான் போய் நோராவிடம் சமாதானமாகச் சொல்ல, அந்த அம்மாள் மேஜை துடைக்கிற துணியைக் கீழே வைத்தார்.

"எங்க ஆளுக்குப் போடலேன்னு எனக்கு வருத்தமில்ல. ஊருக்குப் பயந்து போட்டாரு பாரு, அதுதான். ஒரு ஓட்டுக்கே இப்படிப் பயப்படற மனுசன், என்னைய எப்படிக் கேப்பாரு?"

தெருவில் கிடந்த நாற்காலியை, ஊர் அடங்கிய பிறகு பர்விஸ் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டியில் போட்டு உட்கார்ந்தார். அதன்பின் பச்சைக் கதவில் கால் வைக்கவில்லை.

ராட்ஃபர்ட் கப்பலில் வாந்தியெடுத்தபடி வெலிங்டன் போய்ச் சேர்ந்து, நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு முறை ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பேசியதாகக் கேள்வி. அதற்குள் சபையைக் கலைத்துவிட்டார்கள். புது வரைபடத்தில் மேல் வைரோங்கோ இல்லை. ஐந்து வருடம்கூட நிறையவில்லை. எங்கள் தெருவையே எல்லையாக வைத்து, பச்சைக் கதவை வடக்குத் தொகுதிக்கும் கலங்கரையைத் தெற்குத் தொகுதிக்கும் கொடுத்துவிட்டார்கள். தெருக்கோடியில் இருந்த பட்டியின் வாசல் வடக்கில், பின்வேலி தெற்கில்.

இனி என்ன தடை என்று நாங்கள் எல்லாரும் பர்விஸின் கைகளையே பார்த்தோம். அவை அசையவில்லை. "பதவியிலேர்ந்து விடுவிச்சுக் கடிதம் வரணும். வர்ற வரைக்கும் நான் அதிகாரிதான்" என்றார். எதற்கு அதிகாரி? இல்லாத தொகுதிக்கு. தபால் வண்டி வருகிற நாளெல்லாம் போய் நிற்பார். வெலிங்டன்காரர்கள் தொகுதியையே மறந்துவிட்டார்கள், அதன் அதிகாரியையா நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்? பிப்ரவரியில் புதுத் தேர்தல் வந்தது. இப்போது சீட்டில் எழுதிப் போடுகிற ரகசிய ஓட்டு. அதற்கும் பர்விஸ் போகவில்லை.

இதற்கிடையில் வடக்குத் தீவில் தேம்ஸ் என்ற ஊரில் தங்கம் கொட்டுகிறது என்று பேச்சு. தோண்டுகிறவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். நோராவுக்கு அங்கே ஒரு தங்கை. விடுதியை விற்றுவிட்டுக் கிளம்பப் போவதாகவும், திங்கட்கிழமை வண்டிக்கு இடம் சொல்லிவிட்டதாகவும் போன வாரம் செய்தி பரவியது. பட்டிக்குப் போய்ப் பர்விஸிடம் சொன்னேன். ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். அது காலை உதறிக்கொள்ளும்வரை விடவில்லை. பிறகு, தபாலில் ஏதாவது வந்ததா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரையே பட்டியில் அடைத்துப் பூட்டலாம் போலிருந்தது.

சனிக்கிழமை காலையில் நோரா என் அச்சகத்துக்கு வந்தார். "சாயங்காலம் கை தூக்கச் சொல்வேன். நீ என்னைப் போகச் சொல்லித் தூக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது" என்றார். நான் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் காதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஐந்து மணிக்குப் பச்சைக் கதவு நிரம்பி வழிந்தது. கலங்கரைக்காரர் ஸ்பராட்கூட வந்திருந்தார். நோரா ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார். "இந்த ஊரு எதையும் கை தூக்காமச் செஞ்சதில்ல. நான் போகட்டுமா, இருக்கட்டுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். யார் எண்ணுவது என்று ஒரு குரல் கேட்டது. ஒழுங்காக எண்ணத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தானே என்று சொல்லி நோரா என்னைப் பட்டிக்கு விரட்டினார்.

பர்விஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கடிவாளம் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசலை மிதிக்கத் தனக்கு முகமில்லை என்றார். அதிகாரியாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்றேன். உடனே எழுந்தார், கோட்டிலிருந்த வைக்கோலைத் தட்டினார், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

உள்ளே வந்தவர் நோராவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "போகட்டும்ங்கறவங்க" என்றார். கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது. காலையில் நோரா போகிறாரே என்று என் கடை வாசலில் அழுதுவிட்டுப் போன கிழவன் ரட்ஜின் கையும் எழுந்தது. மோவாயை ஆட்டி ஆட்டி எண்ணினார். "இருபத்தொண்ணு." பிறகு, "இருக்கட்டும்ங்கறவங்க." அதில் முதல் கை போட்டிக்காரர் ஸ்பராட்டுடையது. எண்ணி முடித்தார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார்.

"இருபத்தொண்ணு."

நோரா காலையில் எத்தனை வாசல்படி ஏறி இறங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பர்விஸுக்கும் உறைத்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது.

"சமமா வந்தா சட்டம் என்ன சொல்லுது?" என்று நோரா கேட்டார். விளையாட்டு அந்த அம்மாளுக்கும் விளையாட்டாக இல்லை.

"அதிகாரி ஒரு ஓட்டுப் போடலாம்."

"அந்தத் தொகுதிதான் செத்துப் போச்சே" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

பர்விஸ் திரும்பினார். "கடிதம் வரல. நான் இன்னும் அதிகாரிதான்" என்றார். பிறகு முதல்முறையாக நோராவைப் பார்த்தார்.

"அப்பப் போடுங்க. யாருக்கும் பயப்படாம" என்றார் நோரா.

பர்விஸின் வலது பை அசைந்தது. ஐந்து வருடம் கூட்டத்துக்கு நடுவே பையைவிட்டு வராத கை, விரல்களில் கடிவாள நூலோடு மெல்ல வெளியே வந்து தலைக்கு மேல் எழுந்தது.

"இருக்கட்டும்" என்றார்.

அது மேலே நிற்கும்போதே இடது கையும் பையைவிட்டு வெளியே வந்து, அதன் பக்கத்தில் உயர்ந்தது. ஒரு ஆளுக்கு ஒரு கைதான், அதை இறக்கு என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.