மூலையில் நின்ற சிவப்புக் கொடி

ஐம்பது வயதில் எனக்குப் பட்டம் விடும் கிறுக்குப் பிடித்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவன் நான். கம்போங் ராஜா டவுனில் டயர் மாற்றக் காத்திருந்த ஒரு மத்தியானம், கைப்பேசியில் யாரோ ஒருவன் நாலு நூல் கட்டிய பட்டத்தை ஆகாயத்தில் அசையாமல் நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். பிறகு அதைப் பின்பக்கமாக நகர்த்தினான். தலைகீழாக இறக்கி, நுனியை மட்டும் புல்லில் தொட வைத்தான். அடுத்த வாரமே ஒன்றை வரவழைத்துவிட்டேன்.

"பேரன் எடுக்கிற வயசுல பட்டமா? எஸ்டேட்டே சிரிக்கப் போவுது லா," என்றாள் மனைவி.

சிரிக்கத்தான் செய்தார்கள். இரண்டு கைக்கும் இரண்டு பிடி. ஒவ்வொரு பிடியிலும் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். மேல் நூலை இழுத்தால் பட்டம் முன்னே போகும், கீழ் நூலை இழுத்தால் நிற்கும், இன்னும் இழுத்தால் பின்னே வரும். முதல் நாள் நான் மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் மாட்டிவிட்டு, அது ஏன் தரையிலேயே புரண்டு அடம் பிடிக்கிறது என்று அரை மணி நேரம் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காமல் பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் எங்களுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர். உறவு எதுவும் இல்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களில் அவன் மூத்தவன். மருந்தடித்து முடித்த தேயிலைக் காட்டின் மூலையில் சிவப்புத் துணி கட்டிய கம்பை நடுவது அவன் பொறுப்பு. அந்தக் கொடி நிற்கும் வரை அங்கே யாரும் கொழுந்து எடுக்கக் கூடாது. நட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போவான், திரும்பி வந்து கம்பை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பான், அப்புறம்தான் வீட்டுக்கு. அப்படிப்பட்ட மனுஷன்.

மூன்று மாதத்தில் பட்டத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டேன். அடுத்து, அதன் நுனியால் ஒரு குச்சியைத் தொட வேண்டும் என்று ஆசை. திடலில் குச்சி நட்டால் அவ்வளவு தூரத்துக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. திடலுக்கு மேலே இருந்த காட்டின் மூலையில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். எல்லாரும் வேலை முடிந்து போய்விட்டார்கள், அரை மணி நேரத்தில் திரும்ப நட்டுவிடலாம் என்று பிடுங்கி வந்து திடலில் நட்டேன்.

அன்று பார்த்துக் காற்று ஒரே சீராக வந்தது. ஐந்தாவது தடவை பட்டம் மெதுவாக இறங்கி, நுனியால் அந்தத் துணியைத் தொட்டு நின்றது. நான் தனியாக நின்று கத்தியிருக்கிறேன், வெட்கக்கேடு. உடனே மழை பிடித்துக்கொண்டது. பட்டம், நூல், கம்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டிப் பையில் திணித்து, லோரி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓடினேன். கொடியை அடியோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தக் காட்டில் பெண்கள் இறங்கிக் கொழுந்து வெட்டினார்கள். பாதி லோரி நிறைந்தபோது எதிர்ச்சரிவிலிருந்து மச்சான் கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! கொடி நிக்குதுல்ல, கண்ணு தெரியலயா?"

கை நீட்டிக் காட்டிய மூலையில் கொடி இல்லை. காட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றான். கொடி என் முதுகுக்குப் பின்னால், பைக்குள் இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பெண்களுக்குக் கையெல்லாம் தடித்துவிட்டது. ரிங்லெட் கிளினிக்குக்கு நான்தான் ஏற்றிப் போனேன். நல்லவேளை, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அந்தக் கொழுந்தைக் குழியில் கொட்டியதும் நான்தான். ஆபீசில் மேனேஜர் துரை அவனிடம், "மறந்துட்டியா?" என்று கேட்டது ஜன்னல் வழியே என் காதில் விழுந்தது.

"நட்டேங்க. நட்ட மாதிரிதான் ஞாபகம்," என்றான்.

மருந்தடிக்கும் வேலையிலிருந்து எடுத்து அவனைப் புல் வெட்டப் போட்டார்கள். கம்பை நான் யாரும் பார்க்காதபோது ஸ்டோரில் மற்றக் கம்புகளோடு சொருகிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு மாதம் ஓட்டினேன். கியா பார்ம் சந்தைப் பக்கம் போகும்போதெல்லாம் அவனுக்குச் சோளம் வாங்கி வந்தேன். சோளம்! அவனும் "எதுக்கு மச்சான் இதெல்லாம்" என்று சொல்லி வாங்கிக்கொள்வான்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மனைவியிடம் கேட்பது எனக்குக் கேட்கும். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, மாத்திரை போட்டேனா. அவன் அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் முகம்கூட மறந்து போனவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம், அதைவிடப் பட்டத்துக்காக இப்படிச் செய்தான் என்று ஊர் பேசுமே என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் திடலுக்கு வந்தான். பிடிகளை அவன் கையில் கொடுத்தேன். மருந்து பம்ப் பிடித்துப் பழகிய கை. பத்து நிமிடத்தில் பட்டத்தை என்னைவிட அழகாக நிறுத்தினான். பிறகு இறக்கிவிட்டுப் பிடிகளைத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்கு வேணாம் மச்சான். நாளைக்கு எது மேல் நூலுன்னே மறந்துரும். எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் ஆரம்பிச்சிருச்சு. நான் ஏதாச்சும் மறந்தா நீதான் சொல்லணும். உன்னத்தான் நம்பியிருக்கேன்."

"உனக்கு ஒண்ணும் மறக்கல," என்றேன். "கொடிய நீ நட்டே. புடுங்கினது நான். இந்தப் பட்டத்துக்காக."

என் முகத்தையே பார்த்தான். அறைவான் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"நட்டேனா?"

"நட்டே."

"நெசமாவா?"

"என் கையாலதான் புடுங்கினேன் மச்சான்."

அவன் லைன் வீட்டைப் பார்த்து ஓடினான். ஓடும்போதே மனைவியைக் கூப்பிட்டான். "ஏய், எனக்கு ஒண்ணும் இல்லடி! நான் நட்டிருக்கேன்டி!"

மறுநாள் ஆபீசில் நானே போய்ச் சொன்னதும் துரை என்னைத் திட்டித் தீர்த்தார். அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து நூலில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் மனைவியும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.