முப்பது நாளில் அரபு

எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறையில் ஒரு வாத்தியார் எங்கள் மலையூரான புதூர்நாட்டுக்கு ஜீப்பில் வந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது நாளில் அரபு மொழி. படித்தால் வளைகுடாவில் வேலையாம். சலவைச் சட்டை, வாக்கியத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம். சும்மா எவன் மலையேறி வருவான்? என் மகளின் நோட்டை வாங்கி, அரபுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த தமிழ் அர்த்தங்களைப் படித்தேன். "சரிங்க எஜமான்." "எனக்குக் களைப்பில்லை." "இதோ துடைக்கிறேன்." நேரே வகுப்புக்குப் போனேன்.

"இன்னா சார், 'வூட்டுக்குப் போவணும்'னு அரபுல எப்டி சொல்றது?"

"அது பாடத்துல இல்லீங்க."

"அப்ப எம்பொண்ணும் உங்க வகுப்புல இல்ல."

அவளைக் கையோடு கூட்டிவந்துவிட்டேன். மறுநாள் வாத்தியார் கதவைச் சாத்திவிட்டு, மற்ற பிள்ளைகளுக்கு அந்த வாக்கியத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாராம். எனக்குப் பயந்து கதவைச் சாத்தினாரா, அவரை ஜீப்பில் அனுப்பியவர்களுக்குப் பயந்தா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.