மூடி வைத்த டம்ளர்

அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார். அதனால் அவர் ஆதாரம் வாத்தியார். கடவுளே நேரில் வந்து நின்றாலும் அடையாள அட்டை கேட்பார் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும். அவருக்கு அதில் பெருமைதான்.

ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவர் கிருமியைப் பற்றி விளக்கினார். மார்பில் அடித்துக்கொண்டு அழுத மனைவியிடம், "கண்ணீர்ங்கிறது வெறும் உப்புத் தண்ணி. அழுதா வந்துருவாளா?" என்றார்.

அவளும் அழுகையை நிறுத்தினாள். கடைசி நாட்களில் பிள்ளை தண்ணீர், தண்ணீர் என்று தவித்தது அவள் மனதைவிட்டுப் போகவில்லை. இரவானால் மகள் படுத்திருந்த அறையின் ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். விடிந்து பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். "குடிச்சிட்டுப் போயிருக்கா" என்பாள். அன்றைக்குத்தான் அவளுக்கு இரண்டு வாய் சோறு இறங்கும்.

வாத்தியாருக்கு இது பொறுக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானும் கூட வேலை பார்க்கும் வாத்தியார்களும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முந்தின இரவே அவர் ஜன்னலில் இன்னொரு டம்ளரையும் வைத்து, அதைத் தட்டால் மூடியிருந்தார். இப்போது இரண்டையும் கூடத்துக்குக் கொண்டுவந்தார். மனைவி வைத்ததில் தண்ணீர் குறைந்திருந்தது. மூடியதில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஆவிதான் வந்துட்டுப் போகுது, நான் இல்லைங்கல. ஆனா அது நீராவி!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தோடு விட்டாரா? மனைவி பக்கம் திரும்பி, "உன் பொண்ணுக்குத் தட்டைத் தூக்கத் தெம்பில்ல போல" என்றார். பாதிச் சிரிப்பில் மச்சான் அக்காளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, அது நல்ல இரும்பு என்று காட்டுகிற புத்தியை என்னவென்று சொல்வது! அவள் இரண்டு டம்ளரையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள். அதன்பிறகு ஜன்னலில் தண்ணீர் வைக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

மழை விட்ட ஒரு மத்தியானம், வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்றது. வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். பாதி வகுப்பில் வீட்டுக்கு ஓடிவந்து சமையலறை வாசலில் நின்றார்.

"நம்ம பாப்பா ஞாபகமாவே இருக்கு. எனக்கு நெஞ்சே வெடிச்சிரும் போல இருக்கு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை.

"ஆதாரம் இருக்கா?"

 அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் அதை நின்று பார்த்தாள்.

"இது வெறும் உப்புத் தண்ணிங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.