மஞ்சள் நீராட்டில் முப்பது வயலின்

மரக்காணத்து ரேடியோ செட் காசிலிங்கத்துக்கு இடது காது பாதிதான் கேட்கும். பதினைந்து வருஷம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்? காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே என்றால் கேட்கிற ஆளும் இல்லை. மற்றபடி நல்லவன், கல்யாணமோ காதுகுத்தோ, சொன்ன நேரத்துக்கு ஒயர் இழுத்துவிடுவான்.

1973 கோடையில், சொந்த ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் புதுச்சேரியில் அவனிடம் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். செரினேட் என்று பெயர். ஐரோப்பாவில் யாரோ தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. பாட்டு இல்லை, மேளம் இல்லை. சின்னதும் பெரியதுமாக முப்பது வயலின், அவ்வளவுதான். சாயங்காலத்தில் திறந்தவெளியில் விருந்தாளிகளை மகிழ்விக்க வாசிப்பது என்று அவள் சொன்னதைக் காசிலிங்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரமே, உப்பளத்தில் வேலை செய்யும் பாஞ்சாலையின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பனைமரத்தில் குழாயைக் கட்டி, தட்டைச் சுழலவிட்டான். அவசரத்தில் முள் விழுந்தது மூன்றாவது பகுதியில். முப்பது வயலினும் சேர்ந்து மெதுவாக இழுத்த இழுப்பு உப்பளம் முழுக்கப் பரவியது. அவன் கண்ணை மூடி, நல்ல காதைக் குழாய்ப் பக்கம் திருப்பினான்.

கண்ணைத் திறந்தபோது எதிர் டீக்கடை சாத்தியிருந்தது. அளத்து ஆட்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு, முண்டாசை அவிழ்த்தபடி கரையேறிக்கொண்டிருந்தார்கள். பெரிய தலைவர் எவராவது இறந்தால் வானொலி பாட்டையெல்லாம் நிறுத்திவிட்டு நாள் முழுக்க வயலின்தான் வாசிக்கும். ஊருக்குத் தெரிந்த வயலின் அது ஒன்றுதான்.

"யாருப்பா பூட்டாரு?" என்றான் அளத்து மேஸ்திரி சேட்டு.

"யாரும் பூடல. இது வெள்ளக்காரங்க வாசிக்கிறது."

"அப்ப அவங்க ஊர்ல யாரோ பெரிய ஆளு."

காசிலிங்கம் மைக்கைப் பிடித்து, யாரும் சாகவில்லை என்று அறிவித்தான். அதுவரை சந்தேகப்படாதவர்களும் சந்தேகப்பட்டார்கள். பிரம்மதேசத்திலிருந்து சீர்த்தட்டோடு வந்த தாய்மாமன், மூடிய கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பஸ்ஸுக்கு நின்றான்.

பாஞ்சாலை கரண்டியோடு வந்தாள். "ஏம்பா, எம் பொண்ணுக்கு ரேடியோ கட்டச் சொன்னா ஊருக்கே எழவு சொல்லிட்டியே. மாமன் சீரு பஸ் ஸ்டாப்புல நிக்குது. இருநூறு பேரு சோறு. நீயா துன்னுவ?"

"இதுல டான்சும் இருக்குதுக்கா."

"அதப் போடு. பஸ்சு வர்றதுக்குள்ள அவன் இங்க வரல, இனிமே எந்த வூட்டு வாசல்லயும் உன் குழாய் ஏறாது."

ஏறாது என்று அவனுக்கும் தெரியும். முள்ளைத் தூக்கி இரண்டாவது பகுதியில் வைத்தான். அது ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடுகிற வால்ட்ஸ். வயலின்கள் ஒன், டூ, த்ரீ என்று குதித்தன.

சேட்டு தலையைச் சாய்த்துக் கேட்டான். "தலைவருங்க செத்தா ரேடியோ இப்படிக் குதிக்காது" என்று தீர்ப்புச் சொல்லி, பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப்போய்ச் சீர்த்தட்டைத் தானே தூக்கிவந்தான். பின்னால் மாமன் வந்தான்.

ஆனால் அளத்துக்கு ஒருவரும் திரும்பவில்லை. போட்ட பலகை போட்டபடி கிடக்க, எழுபது பேரும் நேரே பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பாஞ்சாலை திட்டிக்கொண்டே இன்னொரு உலை வைத்தாள். காசிலிங்கத்துக்கு மிஞ்சியது ரசம்.

திங்கட்கிழமை உச்சி வெயிலில் சேட்டு வந்தான். "ஏம்பா, அந்த அழுவுற ரெக்கார்ட ஒரு தபா போடேன்."

அளத்து முதலாளி தேவநாதன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: உப்பு எடுக்கிற மாதங்களில் வால்ட்ஸ் மட்டும்தான்.