டிரம்முக்குப் போன மாலை

"இன்று முதல், ஒரு வருடமாக யாரும் தொடாத எந்தப் பொருளும் இந்த வீட்டில் இருக்காது."

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என் கணவர் ஒட்டிய அறிவிப்பு இது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் "இன்று" என்றே எழுதியிருந்தார். எந்த இன்று? நல்லவேளையாக, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். திருப்பிப் பார்த்தால் கார்த்திகை தீபம். எங்கள் வீட்டில் அன்றைய தாளை மறுநாள் காலையில்தான் கிழிப்போம். ஆகவே அறிவிப்பு வந்தது தீபத்துக்கு மறுநாள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்தேன். இப்படித் தேதி போடும் வியாதி எனக்கு வந்ததும் ஒரு புத்தகத்தால்தான். கல்லூரி நாட்களில் நூலகத்தில் எடுத்த ஒரு கல்வெட்டுத் தொகுப்பு. ஆகவே, புத்தகம் படித்து மாறிவிட்டார் என்று அடுத்தவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

என் கணவர் எந்தப் புத்தகத்தையும் நான்காவது அத்தியாயத்துக்கு மேல் படித்ததில்லை. அதற்குள் அவருக்கு ஞானம் வந்துவிடும். மிச்சத்தைப் படிப்பது ஞானத்துக்கு அவமரியாதை என்று நினைப்பாரோ என்னவோ.

முதலில் வந்தது, விடியுமுன் எழுந்தால் உலகத்தையே வெல்லலாம் என்ற புத்தகம். இருட்டோடு எழுந்து கூடத்தில் சம்மணமிட்டு உட்காருவார். சற்று நேரத்தில் அங்கிருந்து குறட்டை வரும். அலுவலகம் கிண்டியில். கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, கடற்கரை நிலையத்தில் கண் விழிப்பார். எதிர்ப்பக்க ரயில் பிடித்துத் திரும்பி வருவதற்குள் உலகத்தை வேறு யாராவது வென்றிருப்பார்கள்.

அடுத்தது மொட்டை மாடித் தோட்டம். அந்தப் புத்தகத்தின் நினைவாக ஒரு நீல டிரம் மாடிக்கு ஏறியது. காய்கறித் தோல், முட்டை ஓடு, டீத்தூள், தேங்காய் நார் எல்லாம் அதற்குள் போய் உரமாகும் என்றார். கத்தரிச் செடி மூன்று இலை விட்டதோடு நின்றுவிட்டது. டிரம் மட்டும் செழிப்பாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைக்கும் அளவுக்குச் செழிப்பு.

மூன்றாவதுதான் இந்த ஒழித்துக்கட்டும் புத்தகம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'நீ எனக்கு வேண்டுமா?' என்று கேட்க வேண்டுமாம். மிக்ஸியின் பழைய ஜாரை ஏந்திக்கொண்டு அவர் கண்மூடி நின்றதை நானே பார்த்தேன். ஜார் என்ன பதில் சொன்னதோ, காயலான் கடைக்குப் போய்விட்டது. பரணில் நான் வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளை மட்டும் அவர் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்பது எந்த அத்தியாயத்தையும் படிக்காமலே அவருக்குத் தெரியும்.

என் தங்கை எங்களோடு இருந்து சிறுசேரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வரன் எதுவும் அமையாமல் தள்ளிக்கொண்டே போன காலத்தில், 'எல்லாம் சும்மாக்கா' என்று சொல்லிக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருவிடந்தைக்கு இழுத்துப் போனாள். அது முந்தின வருஷம் ஆவணி. அங்கே நித்தமும் கல்யாணம் செய்துகொள்ளும் பெருமாள். கல்யாணம் ஆகாதவர்கள் பெருமாளுக்கு மாலை சாத்தி, திரும்பக் கிடைக்கும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வர வேண்டும். பிறகு அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமானதும் ஜோடியாகப் போய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்றுகூடக் குறைக்காமல் நடந்தாள். சும்மா என்று சொன்னவள். வீட்டுக்கு வந்ததும் மாலையை மஞ்சள் பையில் போட்டு, அவள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். பிறகு நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தை பிறந்ததும் கல்யாணம் நிச்சயமாயிற்று. அன்றிரவு சாப்பிடும்போது தங்கை கேட்டாள். "அக்கா, ஆணியில ஒரு மஞ்சப்பை இருந்துச்சே, பாத்தியா?"

என் கணவர் முந்திக்கொண்டார். "பை தானே? தொவைச்சு காய்கறிக்கு எடுத்துக்கினேன். நல்ல பை."

"உள்ள இருந்தது?"

"காஞ்ச பூவும்மா. ஒரு வருஷமா யாரும் தொடல. டிரம்முல போட்டுட்டேன். மக்கிச்சுன்னா மண்ணு சும்மா பொலபொலன்னு வரும்."

"மாமா, அது பெருமாள் மாலை."

கையில் இருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தார். "எனக்கு இன்னாம்மா தெரியும்? பெருமாள்னு எழுதியா வெச்சிருந்த?"

தங்கை எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அவரு முன்னாடி நின்னு சொல்லிட்டு வந்தேன்க்கா. கல்யாணமானா மாலைய எடுத்துக்கினு வரேன்னு. அவரு அவரு வேலைய முடிச்சிட்டாரு. நான் வெறுங்கையோட போயி இன்னா சொல்றது? எங்க மாமா உரம் போட்டுட்டாருன்னா?" எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெயில்ல காய வெச்சா..." என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"அப்போ மாப்பிள்ளையும் அதே மாதிரி ஒண்ணு பாத்துக்கட்டுமா மாமா?"



என் கணவர் தூங்கிய பிறகு அந்த ஒழித்துக்கட்டும் புத்தகத்தை எடுத்து, அவர் மடித்து வைத்திருந்த பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். ஐந்தாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தது: அடுத்தவர் பொருளில் கை வைக்கக் கூடாது. நான்காவதோடு ஞானம் வந்துவிட்டதன் விளைவு.

அடுத்த ஞாயிறு மதியம் டிரம்மை மாடியில் கவிழ்த்தோம். பழைய செய்தித்தாள்களை விரித்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கையால் துழாவினோம். கல்வெட்டுப் புத்தகம் படித்த நாளிலிருந்து ஊரெல்லாம் பழங்காலப் பானை ஓடு தேடி அலைந்தவள் நான். கடைசியில் எனக்கு வாய்த்த அகழாய்வு இதுதான்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பொதையலா?"

"ஆமா அண்ணாத்த, மச்சினிச்சி கல்யாணம்" என்றார் என் கணவர். பக்கத்து மாடிக்காரருக்கு அதில் எதுவும் விளங்கியிருக்காது.

பூ எல்லாம் மண்ணாகிவிட்டிருந்தது. தங்கையின் கையில் முதலில் ஒரு நூல் தட்டுப்பட்டது. முழுசாக, அங்கங்கே ஜிகினா ஒட்டிக்கொண்டு. 'அப்பாடா' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் கையில் இன்னொன்று வந்தது. அதிலும் ஜிகினா.

இருவரும் என் கணவரைப் பார்த்தோம்.

"ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் போட்ட மாலை," என்றார் மெதுவாக. "அதுவும் பூவு தானே."

வண்டி மாலை போனது ஆயுத பூஜை முடிந்த வாரம். பெருமாள் மாலை போனது கார்த்திகைக்குப் பிறகு. முன்னது அடியிலும் பின்னது மேலேயும் இருக்க வேண்டும் என்று அடுக்கை வைத்து விளக்க ஆரம்பித்தேன். ஆனால் டிரம்மைத்தான் ஏற்கெனவே தலைகீழாகக் கவிழ்த்தாயிற்றே. அதுகூடப் பரவாயில்லை. வாரா வாரம் கிளறிவிட வேண்டும் என்று தோட்டப் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயம் சொல்கிறது. அதை மட்டும் அவர் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

தங்கை இரண்டு நூலையும் குழாயடியில் அலசினாள். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதிகம் யோசிக்காமல் ஒன்றைச் சுருட்டி மஞ்சள் பைக்குள் போட்டாள்.

"எப்படிடி தெரியும்?" என்றேன்.

"தெரியும்க்கா. நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. மற்றதை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, பரணில் வைத்தேன்.

வைகாசியில் கல்யாணம் முடிந்த கையோடு திருவிடந்தைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஜோடிகள் காய்ந்த மாலையை முழு மாலையாகவே கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் காய்கறிப் பையைப் பயபக்தியோடு பிடித்திருந்தார். தங்கை நூலை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, "சொன்ன மாதிரி கொண்டாந்துட்டேன்" என்றாள், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல. பிறகு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கணவர் நெடுநேரம் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குறட்டை வரவில்லை. நிஜமாகவே கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து புகைப்படங்களைத் தேடினேன். ஆவணியில் எடுத்த படத்தில் வெயில் அடித்து மாலை வெள்ளையாகத் தெரிகிறது. ஆயுத பூஜைப் படத்தில் வண்டியின் மாலையை வாழைக்கன்று மறைக்கிறது. ஜிகினாவின் நிறம் இரண்டிலும் தெரியவில்லை. பரணில் இருக்கும் உறையின் மேல் எழுதியிருக்கும் குறிப்பு இது: "நூல், ஒன்று. பெருமாளுடையதா, வண்டியுடையதா என்பது சரிபார்க்கப்படவில்லை."

தங்கையின் குடும்பம் நன்றாக ஓடுகிறது. வண்டியும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆகவே அதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியவில்லை.